பதிவேட்டில் ஒரு கைநாட்டு

நான் தத்துப் பிள்ளை என்பது ஆறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அம்மா ஒளித்ததில்லை. "உன்னைச் சேலத்துக்குப் போய் தூக்கிட்டு வந்தோம்" என்று ஊர்க் கதை சொல்வதுபோலச் சொல்வார். ஆனால் அதற்கு முந்தைய கதை அவருக்கும் தெரியாது. எனக்கு மகள் பிறந்த பிறகுதான் அதைத் தேட வேண்டும் என்று தோன்றியது. அம்மாவிடம் சொல்ல ஒரு மாதம் தயங்கினேன். சொன்னதும் எழுந்துபோய் பீரோவைத் திறந்து, வீட்டுப் பத்திரத்தோடு அப்பா வைத்திருந்த பழுப்புக் கவரை எடுத்து மடியில் வைத்தார்.

அதில் பதிவு செய்த தத்துப் பத்திரமும் மாவட்ட நீதிமன்ற அனுமதி உத்தரவும் இருந்தன. உத்தரவின் தலைப்பில் ஓ.பி. எண், அதாவது நீதிமன்றத்தில் போட்ட மனுவின் எண். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காகிதம் இருந்தால் முதலில் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னைக் கொடுத்த இல்லம் மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. பழைய கோப்புகள் எங்கே என்று கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில் கோப்பைத் தேடி எடுக்க வழிகாட்டியது இந்த எண்தான்.

இப்படித் தேடுவதை அலுவலகங்களில் 'ரூட் சர்ச்' என்கிறார்கள். 2022-ம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் இதற்கு இடம் இருக்கிறது. 18 வயது முடிந்தவர் தானே விண்ணப்பிக்கலாம், அதற்குக் கீழே என்றால் வளர்த்த பெற்றோரோடு சேர்ந்து. நமக்காக மூன்றாவது ஆள் தேட அனுமதி இல்லை. மத்திய தத்துவள ஆணையமான காராவின் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டேன். அது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வந்தது. நடுவில் ஏழு மாதம், எத்தனையோ போன். அதை விவரிக்க ஒன்றுமில்லை, விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அதற்குள் ஒரு விஷயம் புரிந்தது. கைவிடப்பட்ட குழந்தை என்று பதிவாகியிருந்தால், எங்கிருந்து, எந்தச் சூழ்நிலையில் இல்லத்துக்கு வந்தது என்பதைச் சொல்வார்கள். பெற்றவர்களே ஒப்படைத்திருந்து, பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றும் கேட்டிருந்தால், அவர்கள் சம்மதம் வேண்டும். சம்மதிக்காவிட்டால், ஏன் ஒப்படைத்தார்கள் என்ற காரணம் மட்டும் கிடைக்கும். சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது பெண் சிசுக்கொலையைத் தடுக்க. இரண்டு வருடம் கழித்து வந்தவள் நான். அதனால் யாரோ இருட்டில் தொட்டிலில் போட்டுவிட்டுப் போனார்கள் என்றே முப்பது வருடம் நினைத்திருந்தேன்.

அப்படி இல்லை. அலுவலர் மேடம் பதிவேட்டைத் திறந்து, பெயரும் ஊரும் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறைத்துக்கொண்டார். "இதுக்குக் கீழ மட்டும் பாருங்கம்மா" என்றார். எடை 2.1 கிலோ. வலது காதுமடலில் மச்சம். கை தானாகக் காதுக்குப் போய்விட்டது. 'கொண்டுவந்தவர்' என்ற கட்டத்தில் 'தாயும் பாட்டியும்'. காரணம்: 'மூன்றாவது பெண்'. ஓரத்தில் ஊதா மையில் இரண்டு கைநாட்டு. ஒன்று அழுத்தமாக, ரேகைகூடத் தெரிந்தது. இன்னொன்று பாதி இழுபட்டிருந்தது. எது யாருடையது என்று எழுதவில்லை. இழுபட்டதுதான் பெற்றவளுடையது என்று நானாக வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது பெண். அப்படியானால் எனக்கு இரண்டு அக்காக்கள். பேருந்தில் திரும்பி வரும்போது எதிரே உட்கார்ந்த ஒவ்வொருவர் காதையும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு சமூகப் பணியாளர் போய், வீட்டில் வேறு யாருக்கும் தெரியாமல் என்னைப் பெற்றவரைச் சந்தித்தார். பதில் 'வேண்டாம்'. மருமகன்கள் வந்துபோகும் வீடு, பழசு எதுவும் தெரியக்கூடாது என்றாராம். பணியாளர் எழுந்து வரும்போது மட்டும், "அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

இதைக் கேட்டதும் ஓவென்று அழுதேன். கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன். அக்காக்களை நானே தேடிப் பிடிக்கலாமா என்றுகூட இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் அந்த வெள்ளைத் தாள் நினைவுக்கு வந்தது. அவருக்கு அது வேண்டும். நான் விலக்க மாட்டேன்.

அவர் மனம் மாறி வந்து கேட்டால் கொடுக்க ஒரு கடிதம் வைக்கலாமா என்று மேடத்திடம் கேட்டேன். வைக்கலாம் என்றார். ஒரு பக்கம் எழுதி, மகளோடு எடுத்த போட்டோவையும் சேர்த்தேன். கவரை ஒட்டும் முன் அம்மா கேட்டு வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்து, அடியில் தன் கையால் எழுதினார்: 'கல்யாணம் ஆகிவிட்டது. பிள்ளை நன்றாக இருக்கிறாள்.'

மேடம் கவர்மேல் தேதி முத்திரை குத்தி, அதே கோப்பில் வைத்துக் கட்டினார்.