சராசரி ஏறும் வித்தை

பத்துப் பேர் வகுப்பு. எட்டுப் பேருக்கு 90 மார்க், இரண்டு பேருக்கு 50. சராசரி 82. அந்த இரண்டு பேரையும் தேர்வுக்கு முன்பே அனுப்பிவிட்டால் சராசரி 90. யாரும் கூடுதலாக ஒரு வரி சொல்லித்தரவில்லை, யாரும் கூடுதலாகப் படிக்கவில்லை, ஆனாலும் தரவரிசையில் பள்ளி ஏறிவிட்டது.

கற்பனை இல்லை இது. இங்கிலாந்தில் நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கியெடுக்கும் அரசு கிராமர் ஸ்கூல்கள் 163. அதில் ஒன்று, லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் ஆர்பிங்டனில் இருக்கும் செயின்ட் ஓலேவ்ஸ். ஏ லெவல் என்பது நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி, கல்லூரிக்கு முந்தைய இரண்டு வருடப் படிப்பு. 2017-ல் முதல் வருட முடிவில் மூன்று பாடத்தில் 'பி' கிரேடாவது எடுக்காத பிள்ளைகளிடம், அடுத்த வருடத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பெற்றோர் சிலர் கோர்ட்டுக்குப் போக, விசாரணை நடக்கும் முன்பே பள்ளி இறங்கி வந்து திரும்பச் சேர்த்துக்கொண்டது. மார்க் குறைந்தது என்பதற்காகப் பாதியில் நீக்க அங்கே சட்டத்தில் இடமில்லை. பாதியில் வெளியே வந்த பிள்ளைக்கு வேறு இடம் கிடைப்பதும் சுலபமில்லை. அங்கே வேறு தேர்வு வாரியம், வேறு பாடப்பகுதி என்றால் முதல் வருடத்தை மறுபடி படிக்க வேண்டி வரலாம்.

எல்லா இடத்திலும் இப்படி முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். மேசையில் மார்க் ஷீட், பக்கத்தில் வேறொரு கல்லூரியின் விண்ணப்பம், "இவனுக்கு இது ஒத்துவருமா, யோசிங்க" என்று மெதுவான குரல். பெற்றோர் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள், பதிவேட்டில் 'தானாக விலகினார்' என்று ஏறும்.

சரி, பள்ளி தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பிடிக்காத பாடத்தில் இன்னொரு வருடம் திணறுவதைவிட வேறு வழி பார்ப்பது சில பிள்ளைகளுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்த விடைத்தாளை யாராவது பிரித்துப் பார்த்தார்களா? பாடம் புரியவில்லையா, நேரம் போதவில்லையா, வீட்டில் ஏதாவதா?

இந்த மாதிரிப் பள்ளிகளுக்கு வரும் பிள்ளை அதுவரை வகுப்பில் முதலாவதாகவே இருந்து பழகியது. தன்னைப் போலவே முப்பது முதலாவதுகள் நடுவில் உட்காரும்போது ஒருவர் முப்பதாவதாகத்தான் ஆக வேண்டும். "எனக்குப் புரியல சார்" என்று கை தூக்கி அதற்குப் பழக்கமே கிடையாது, தேவைப்பட்டதே இல்லையே. முதல் தடவையாக அது சறுக்குகிற அன்றைக்குத்தான், பொறுக்கிச் சேர்த்த அதே ஆட்கள் கதவைக் காட்டுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் ஏ லெவல் ரிசல்ட்டை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். முதல் வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், கடைசித் தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள், இந்த இரண்டு எண்ணையும் கேளுங்கள்.