இறந்தவர் யார் என்று தொடங்கும் வகுப்பு

குமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் முதுகலை வரலாற்று மாணவர்களுக்கு அரசியல் வன்முறையின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். பாடத்திட்டத்தின் வரிசை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1793–94இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு தன் குடிமக்கள் மீதே ஏவிய பயங்கர ஆட்சியில் அது தொடங்கும். ரஷ்யாவின் நரோத்னயா வோல்யா என்ற ரகசியப் புரட்சி அமைப்பு, ஐரோப்பிய அராஜகவாதிகள், வங்காளப் புரட்சியாளர்கள் வழியாக நம் காலத்துக்கு வந்து சேரும். டேவிட் ராபோபோர்ட் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்த நான்கு அலைகள் என்ற சட்டகத்தையும் மாணவர்கள் படித்தாக வேண்டும். 1880களில் தொடங்கிய அராஜகவாத அலை, 1920களின் காலனி எதிர்ப்பு அலை, 1960களின் புதிய இடதுசாரி அலை, 1979இல் எழுந்த மத அலை என்று அவர் பகுத்தார். தேர்வுக்கு இது பயன்படும். ஆனால் இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் தம் ஊரில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தச் சட்டகம் மட்டும் போதாது என்பதைப் பாடம் நடத்த நடத்தத்தான் நான் உணர்ந்தேன்.

காரணத்திலிருந்து தொடங்கினால் வகுப்பு உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். கொன்றவன் தியாகியா, குற்றவாளியா என்ற விவாதம் எழும். அதற்குப் பின் எவரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஆகவே எந்த நிகழ்வை எடுத்தாலும் முதலில் இறந்தவர் யார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவர் கையால் என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நோக்கம் என்ன என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகுதான் வரும்.

1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் வீசப்பட்ட குண்டை எடுத்துக்கொள்வோம். குதிராம் போஸின் பெயரும், பதினெட்டு வயதில் அவர் தூக்கிலிடப்பட்டதும் பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரியும். மாஜிஸ்திரேட் கிங்ஸ்போர்டைக் குறிவைத்தார்கள் என்பதையும் சிலர் சொல்வார்கள். அந்தக் குண்டில் இறந்தவர்கள் யார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கிங்ஸ்போர்டின் வண்டியைப் போலவே இருந்த வேறொரு வண்டியில் வந்த கென்னடி என்ற குடும்பத்தின் தாயும் மகளும்தான் இறந்தார்கள். இதைச் சொல்வதால் குதிராமின் துணிவு குறைந்துவிடாது. தூக்குமேடையில் அவர் காட்டிய உறுதி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த இரு பெண்களையும் விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறு அரைகுறையானது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ரஷ்யப் பகுதிக்கு நான் கூடுதலாக நேரம் ஒதுக்குவது வழக்கம். பழைய நாட்காட்டிப்படி 1881 மார்ச் 1 அன்று பீட்டர்ஸ்பர்க் கால்வாய்க் கரையில் இரண்டாம் அலெக்சாந்தர் பேரரசரின் வண்டி மீது விழுந்த முதல் குண்டு அவரைத் தொடவில்லை. காவல் வந்தவர்களையும் வழியில் நின்ற ஒரு சிறுவனையும்தான் அது தாக்கியது. காயம்பட்டவர்களைப் பார்க்க வண்டியிலிருந்து இறங்கிய பேரரசரை இரண்டாம் குண்டு கொன்றது. அன்று காலையில்தான், மக்கள் பிரதிநிதிகளைக் கலந்தாலோசிக்க வகைசெய்யும் லோரிஸ்-மெலிகோவ் திட்டத்துக்கு அவர் ஒப்புதல் அளித்திருந்தார். மகன் மூன்றாம் அலெக்சாந்தர் அரியணை ஏறியதும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு அடக்குமுறையை இறுக்கினார். கொலையாளிகள் எதை விரும்பினார்களோ அதற்கு நேரெதிரானதே விளைந்தது. 1905இல் இவான் கலியாயெவ் என்ற புரட்சியாளர், பெருங்கோமகன் செர்கேயின் வண்டியில் அவருடைய மனைவியும் சகோதரரின் குழந்தைகளும் இருப்பதைக் கண்டு ஓங்கிய கையை இறக்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து செர்கே தனியாக வந்தபோது குண்டை வீசிக் கொன்றார். மாணவர்கள் இந்த இடத்தில் நெகிழ்ந்துவிடுவார்கள். அந்த இரண்டாம் நாளில் வண்டியோட்டியும் படுகாயமடைந்து பின்னர் இறந்துபோனார் என்பதையும் அவர்களுக்குச் சொல்கிறேன். குழந்தைகளுக்குக் கிடைத்த இரக்கம் வண்டியோட்டிக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் எவராவது ஒரு மாணவர் தாமாகவே கேட்டுவிடுகிறார்.

நம் பக்கத்துக்கு வந்தால் மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தம்மையும் சுட்டுக்கொண்டார். வாஞ்சி செங்கோட்டைக்காரர், அன்று செங்கோட்டை திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது, அவர் வேலை பார்த்ததும் திருவிதாங்கூரின் வனத்துறையில், புனலூரில். அதாவது அவர் குமரிக்காரர்களைப் போலவே திருவிதாங்கூர்க் குடிமகன். ஆஷ் தம் மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தார். குழந்தைகளைப் பார்ப்பதற்காகக் கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்தார். இதுவரை சொன்னது மரணம். அதற்குப் பிறகே மூன்று ஆண்டுகள் பின்னோக்கி நடக்கிறோம். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கொந்தளிப்பின்போது காவல்துறை சுட்டதில் நால்வர் இறந்தார்கள். ஆஷ் அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தார். மணியாச்சியில் விழுந்த பிணங்களை எண்ணும் கணக்கு திருநெல்வேலியில் விழுந்த அந்த நான்கு பிணங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். இவ்வாறு வரிசைப்படுத்தினால் எவரையும் தூக்கிப் பிடிக்காமலும், எவரையும் தள்ளிவைக்காமலும் பாடம் நடத்த முடிகிறது.

மிகக் கவனமாக நான் நடத்துவது 1954ஐத்தான். அதன் நினைவு இன்னமும் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த தென் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தின்போது, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர். திருவிதாங்கூர்–கொச்சியில் அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை. அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா சிறையிலிருந்தபடியே அந்த அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று கேட்டார். தம் கட்சி அமைத்த அரசு மக்களைச் சுட்டதற்காகத் தம் கட்சி அரசையே போகச் சொன்ன ஒரு தலைவரின் செயல் இந்திய அரசியலில் மிக அரிது. பட்டம் விலகவில்லை, அந்தப் பிளவு கடைசியில் லோகியாவும் அக்கட்சியும் பிரிவதில் முடிந்தது. சுட்டது நம்மைச் சேர்ந்தவர்களை என்பதால் மட்டும் இதைக் குமரி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரசு நடத்தும் வன்முறைக்குப் பொறுப்பேற்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம் மார்த்தாண்டத்தையும் புதுக்கடையையும் முன்னிட்டே உருவானது என்பதை அவர்கள் அறிய வேண்டும். இரண்டு ஆண்டுகளில், 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. வாஞ்சியின் செங்கோட்டையும் அதே நாளில்தான் வந்தது.

ஒருமுறை இந்தப் பாடம் முடிந்ததும் விளவங்கோடு பக்கத்து மாணவி ஒருத்தி வந்து, "சார், எங்க பாட்டா அன்னைக்கு ஊர்வலத்துல போனவங்க. ஆனா வீட்டுல அதப்பத்திப் பேசினா எழுந்து வெளிய போயிருவாங்க" என்றாள். நான் அவளிடம் எதையும் தோண்டிக் கேட்கவில்லை. பாட்டா விரும்பினால் சொல்லட்டும், இல்லையென்றால் விட்டுவிடு என்றேன்.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரத்தைக் கற்பிக்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. பகவதி அம்மன் கோவில் கொடை விழாவின்போது எழுந்த மோதல் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, கடற்கரை ஊர்களுக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் இடையே மாவட்டம் முழுவதும் பரவியது. அந்தக் கடற்கரையிலிருந்து வரும் மாணவர்களும் உள்நாட்டு ஊர்களிலிருந்து வரும் மாணவர்களும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் கேட்ட கதையை எவரும் வகுப்பில் வாய்மொழியாகச் சொல்லக் கூடாது; எழுதிக் கொடுக்கலாம் என்பது அந்தப் பாடத்துக்கு நான் வைத்திருக்கும் ஒரே கட்டுப்பாடு. நீதிபதி வேணுகோபால் ஆணையத்தின் விசாரணை, அமைதி ஏற்படுத்தக் குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து ஊர் ஊராகப் பேசியது ஆகியவற்றை மட்டுமே நான் பேசுகிறேன். இதைப் பயங்கரவாதம் என்ற தலைப்பின் கீழ் வைக்க நான் சம்மதிப்பதில்லை. திட்டமிட்ட படுகொலையில் கொல்லப்படுபவர் ஒருவர், அச்சுறுத்தப்படுபவர்கள் வேறு பலர். கலவரத்தில் ஊரே இரு பக்கமாக நிற்கிறது, வதந்தி காட்டுத்தீயாகப் பரவுகிறது. துப்பாக்கிச் சூட்டில் ஆணை பிறப்பித்த அதிகாரியின் பெயர் கோப்பில் இருக்கிறது. இவை மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எதற்கு எவர் பொறுப்பு என்பதே மறைந்துவிடும்.

கன்னியாகுமரியின் காந்தி மண்டபத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்வதும் இந்தப் பாடத்தின் பகுதிதான். அக்டோபர் 2 அன்று நண்பகலில் கூரைத் துளை வழியாக வரும் சூரிய ஒளி அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் விழும்படி அது கட்டப்பட்டிருக்கிறது. உயரம் 79 அடி, காந்தி தம் வாழ்வின் 79ஆவது ஆண்டில் இறந்ததைக் குறிப்பது. வழிகாட்டிகள் இவற்றைச் சொல்கிறார்கள், பயணிகள் வியக்கிறார்கள். அந்த அஸ்தி ஒரு படுகொலையின் விளைவு என்பதை அங்கே எவரும் பேசுவதில்லை. ஆகவே அந்த இடத்தின் முன் நின்று, 1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் வெடித்த குண்டையும், அதன்பின் கிடைத்த பத்து நாட்களில் கைதானவர் சொன்ன தகவல்கள் எப்படிப் பயன்படாமல் போயின என்பதையும், அதை ஆராய 1966இல் கபூர் ஆணையம் அமைக்கப்பட்டதையும் சொல்கிறேன். ஜனவரி 30ஐத் தடுத்திருக்க முடியும் என்ற எண்ணம் மாணவர்களை வேறெந்தப் பாடத்தையும் விட அதிகமாக உலுக்குகிறது.

2020 ஜனவரி 8 அன்று இரவு களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் கொல்லப்பட்டார். வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் போயிற்று. அந்த வாரம் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு இதைப் பேசலாமா என்று மாணவர்கள் கேட்டார்கள். பேசினோம். முதலில் யார் இறந்தார், எங்கே, எப்போது என்ற அதே வரிசையில். காவல் பணியில் தந்தை இருந்த ஒரு மாணவன் அன்று நீண்ட நேரம் பேசினான். கொன்றவர்களின் மதத்தைப் பற்றிப் பேச முயன்ற இன்னொருவனை, "அவங்க பேர மட்டும் சொல்லு, அவங்க ஆளுகளை எல்லாம் இழுக்காத" என்று அவனே நிறுத்தினான்.

இப்போது நாங்கள் செய்துவரும் வேலை 1954ஐ நேரில் கண்டவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது. அன்று பத்து வயதுச் சிறுவராக இருந்தவருக்குக்கூட இன்று எண்பதுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு மாணவரின் நோட்டிலும் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கண்ணால் கண்டதையும் வலப்பக்கம் பிறர் சொல்லிக் கேட்டதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். வலப்பக்கமே எப்போதும் சீக்கிரம் நிரம்புகிறது. தெளிவாகக் கேட்கும் கேள்விகள் இடப்பக்கத்தை நிரப்பும்: அந்த நேரம் நீங்கள் எந்தக் கடை முன் நின்றீர்கள், கூட்டம் எந்தப் பக்கமாக வந்தது, முதல் சத்தம் கேட்டபோது யார் உங்கள் கையைப் பிடித்திருந்தார்கள். இந்த ஆண்டு புதுக்கடைப் பக்கத்து மாணவர்கள் சிலர் இதைத் தொடங்கியிருக்கிறார்கள். எண்பத்தைந்தைத் தாண்டியவர்களை முதலில் போய்ப் பார்த்துவிடுங்கள், மற்றவர்களைப் பருவத் தேர்வு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.