ஏற்காட்டு மலைப்பாதையில் சைக்கிளும் காட்டுப்பூக்களும்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர், அடிவாரம் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எவ்வளவு நேரத்தில் முடித்தோம் என்பதைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தப் பாதை பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருப்பதால், என்னைப் போன்றவர்களுக்கு வேகம் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை; அந்த வேகத்தில், சாலைக்காக வெட்டப்பட்ட மலைச்சரிவு பல இடங்களில் கண்ணுக்கு நேராக, கை நீட்டினால் தொடும் தூரத்தில் மெல்ல நகர்கிறது. காரில் போகிறவருக்கு வெறும் பச்சையாகத் தெரிவது, சைக்கிளில் போகிறவருக்குச் செடி செடியாக, பூப்பூவாகப் பிரிந்து தெரிகிறது. மே மாதக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சி பார்க்க மலையேறும் கூட்டம், போகிற வழியிலேயே இன்னொரு கண்காட்சியைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறதே என்று ஒவ்வோர் ஆண்டும் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கைப்பேசி கேமராவைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறை, அதில் பின்னணி மங்கலாக விழுவதில்லை என்பது. ஒளியை வாங்கும் சென்சார் மிகச் சிறியதாக இருப்பதால், பெரிய கேமராக்களைக் காட்டிலும் கைப்பேசியில் அருகில் உள்ளதும் தள்ளி உள்ளதும் சேர்ந்தே தெளிவாகப் பதிகின்றன. இதை ஈடுகட்ட வந்த போர்ட்ரெய்ட் முறை, பூ எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்பதை மென்பொருளால் ஊகித்துக்கொள்வதால், மெல்லிய மகரந்தத் தாள்களையும் காம்பிலுள்ள மயிர்களையும் பின்னணியோடு சேர்த்தே கரைத்துவிடுகிறது. காட்டுப்பூவுக்கு நான் அந்த முறையை நாடுவதே இல்லை. வழியோரத்துப் பூவைப் படம் பிடிக்கும்போது அதன் இலையும் முள்ளும் மண்ணும் பக்கத்துப் பாறையும் உடன் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குறை என்று சொல்லப்படும் அந்தத் தன்மைதான் இதற்கு உதவுகிறது. அகலக்கோண லென்சை வைத்துக்கொண்டு ஓர் ஆவாரம்பூங்கொத்தை மிக நெருங்கினால், மஞ்சள் பூக்கள் படத்தில் பாதியை நிறைக்க, பின்னால் சாலை வளைவும் தடுப்புச் சுவரும் வெகு கீழே சேலம் நகரமும் அடையாளம் தெரியும் அளவுக்கு விழுகின்றன. அந்தச் செடி எந்த மலையில், எந்த மாதிரி இடத்தில் நிற்கிறது என்பதை அந்த ஒரு படமே சொல்லிவிடும்.

சின்னப் பூக்களுக்கு வேறு வழி வேண்டும். அடிவாரத்துக்கு முன்னால், புல்லோடு புல்லாகத் தரையில் படர்ந்திருக்கும் விஷ்ணுகிராந்தியின் பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. இதழ்கள் ஒன்றாக இணைந்து வட்டத் தட்டாக விரிந்திருக்கும், நல்ல நீலம், நடுவில் வெள்ளை. காலை வெயில் பட்ட பிறகு விரிந்து, பிற்பகலுக்குள் சுருண்டுவிடும் பூ அது. விடியுமுன் கிளம்புகிறவர் அதைத் தாண்டும்போது அது விரிந்திருக்காது; மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டு மெதுவாக இறங்குகிறவருக்கும் கிடைக்காது. அதற்காகவே வெயில் ஏறினாலும் பரவாயில்லை என்று சில நாட்கள் தாமதமாகக் கிளம்புகிறேன். இவ்வளவு சிறிய பூவுக்கு கேமராவை மேலும் மேலும் கிட்டே கொண்டுபோவதால் பயனில்லை. புதிய கைப்பேசிகள் பலவற்றின் முதன்மை கேமரா 15 முதல் 20 செ.மீ. தூரத்துக்குள் ஃபோகஸ் ஆவதில்லை. ஓரடி தள்ளி உட்கார்ந்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுப்பதே நல்லது. 48, 50 மெகாபிக்சல் கேமராக்கள் பலவற்றில் இந்த இரண்டு மடங்கு என்பது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது என்பதால் படம் உடைவதில்லை. குறைந்த விலைக் கைப்பேசிகளில் மேக்ரோ என்ற பெயரில் வரும் 2 மெகாபிக்சல் லென்சைவிட, முதன்மை கேமராவில் எடுத்துத் தேவையான அளவுக்கு வெட்டிக்கொள்வது மேல்.

செட்டிச்சாவடிப் பக்கம், மேக்னசைட் வெட்டும் வெள்ளைக்கல் பூமியில் நெருஞ்சியைப் படமெடுப்பது தனிக் கலை. வெளுத்த மண்ணின் வெளிச்சத்தைப் பார்த்து கேமரா படம் முழுவதையும் இருட்டாக்கிவிடுகிறது. பூவின் மேல் விரலை அழுத்தி ஃபோகசைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைச் சற்றே மேலே தள்ள வேண்டும். நெருஞ்சிப்பூ ஞாயிற்றை எதிர்கொண்டு நிற்பதைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. ஆகவே பூவின் முகத்துக்கு நேராக நின்றால் நம் நிழல்தான் அதன் மேல் விழும். பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து லென்சைத் தரையருகே கொண்டுவந்தால், ஐந்து இதழ்களுக்குள்ளும் வெயில் ஊடுருவி வருவது தெரியும். சைக்கிளை மட்டும் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு வர வேண்டும். நெருஞ்சி முள் டியூப் வரைக்கும் இறங்கிவிடும்.

தும்பையில் நிலைமை நேர்மாறானது. சுற்றிலும் கரும்பச்சை இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெண்மையெல்லாம் ஒரே பூச்சாகிவிடும். அங்கே வெளிச்சத்தைக் கீழே இழுக்க வேண்டும்.

செங்காந்தளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின், ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியாக ஏறும் இன்னொரு பாதையில், இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக மாறிப் புதரைப் பிடித்துக்கொண்டு மேலேறும் இந்தக் கொடியைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் மாநில மலர் இது. கிழங்கு கடும் நஞ்சு என்பதால் கொடியைத் தொட்டால் கையைக் கழுவிவிடுவது நல்லது. பூ தலைகீழாகத் தொங்க, நெளிநெளியான ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து மேலே நிமிர்ந்து நிற்கும்; சூல்தண்டு மட்டும் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் மடங்கிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு நுனியில் சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு என்று நாளுக்கு நாள் நிறம் மாறுவதால், ஒரே கொடியில் எல்லாப் பருவங்களையும் ஒரு படத்துக்குள் கொண்டுவர முடிகிறது. சிக்கல் அந்தச் சிவப்பில்தான். சென்சாரில் சிவப்பை வாங்கும் புள்ளிகள் மற்ற நிறங்களுக்கு முன்பே நிரம்பிவிடுவதால், படம் ஒட்டுமொத்தமாகச் சரியாகத் தோன்றினாலும் இதழின் மடிப்புகளும் நரம்புகளும் காணாமல் போய்விடுகின்றன. வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, மேகம் மூடிய வேளையில் எடுத்தால்தான் அந்த நெளிவு நெளிவாகத் தெரியும். காற்று நிற்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். கைப்பேசி பல படங்களை ஒன்றாகச் சேர்த்தே ஒரு படத்தைத் தருகிறது என்பதால், ஆடும் பூவின் விளிம்பு இரண்டாகத் தெரிந்துவிடும். ஏற்றத்தில் வியர்த்த கை பட்ட லென்சை ஒருமுறை பருத்தித் துணியால் துடைத்துவிட்டால், பாதிப் படங்கள் தப்பிவிடும்.

அதே குப்பனூர்ப் பாதையில், கொட்டச்சேட்டுக்கு முன்னால் சிறுபூளையைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, விறகுக் கட்டோடு வந்த ஒரு பாட்டி நின்று, "என்ன கண்ணு, காப்புக் கட்டற பூவையா போட்டோ புடிக்கற?" என்று கேட்டார். போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வீட்டு வாசலில் செருகும் பூளைப்பூதான் அது. "ஆமாங்க பாட்டி" என்றதும், கட்டை இறக்கி வைத்துவிட்டு, தண்டோடு ஒட்டிய வெண்பஞ்சுப் பூக்களை விரலால் விலக்கிக் காட்டி, கல்லடைப்புக்கு இதன் வேரைக் கஷாயம் வைப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் விலக்கிக் காட்டியதைப் பார்த்த பிறகுதான், பஞ்சுக்குள் தனித்தனிப் பூக்கள் இருப்பதைக் காட்டும்படி பக்கவாட்டு வெளிச்சத்தில் அதை எடுக்கத் தொடங்கினேன்.

பூவின் பெயரைப் பிறகு உறுதிசெய்துகொள்ள முகத்தை மட்டும் எடுத்தால் போதாது. பூவின் பின்புறம், இலை தண்டில் சேரும் இடம், முழுச் செடி ஆகிய மூன்றும் இருந்தால்தான் ஐ-நேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற உயிரினப் பதிவு இணையதளங்களில் ஏற்றும்போது தாவரம் தெரிந்தவர்கள் நம்பிக்கையோடு பெயர் சொல்ல முடியும். உன்னிச்செடியையும் விடாமல் ஏற்றுகிறேன். அழகான பூதான், ஆனால் வெளியிலிருந்து வந்து காட்டை மூடிக்கொண்டிருக்கும் செடி அது, எந்த வளைவு வரை பரவியிருக்கிறது என்ற பதிவு இருப்பது அவசியம்.

கைப்பேசியை நான் ஹேண்டில்பாரில் மாட்டுவதில்லை. பெரிய மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு கேமராவின் நடுக்கத் தடுப்பு அமைப்பைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் 2021-இல் அறிவித்தது. சைக்கிளின் அதிர்வு அந்த வகையைச் சேர்ந்தது இல்லைதான். என்றாலும் ஏற்காட்டு இறக்கத்தில் இரண்டு கைகளும் பிரேக்கில் இருக்க வேண்டும், கைப்பேசி பையில் இருப்பதே நல்லது. இருபுறமும் காப்புக்காடு என்பதால் சாலையோரத்தைத் தாண்டி உள்ளே போவதுமில்லை.

ஆர்க்கிட் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஏற்காட்டில் 1963-இல் தொடங்கப்பட்ட தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அங்கே நிதானமாகப் பார்க்கலாம், படமெடுக்கலாம். மரக்கிளையில் தானாக வளர்ந்து பூத்திருப்பதைச் சாலையில் நின்று எடுத்தால், அந்தப் படத்திலுள்ள இடக்குறிப்பை நீக்கிவிட்டுத்தான் யாருக்கும் அனுப்புகிறேன், ஏனென்றால் பூத்த ஆர்க்கிட்டைப் பெயர்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தக் குறிப்பு ஒன்றே போதும். எங்கே எடுத்தது என்று நண்பர்கள் கேட்டாலும் சேர்வராயன் மலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.