மூன்றாவது கடிதம்: மொழியியல் வேலைக்கு விண்ணப்பித்த கதை

மொழியியலில் முனைவர் பட்டம் முடித்துப் பல்கலைக்கழக வேலை தேடுகிறவர்கள் எல்லோரும் ஆய்வுத் திட்டத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது பரிந்துரைக் கடிதங்களை நினைத்து. எனக்கு இரண்டு வருட போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிறகான தற்காலிக ஆய்வுப் பணி) கிடைத்துவிட்டது, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனாலும் அந்த மூன்றாவது கடிதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

விளம்பரம் தேடுவதில் சிரமம் இல்லை. 1990 முதல் இயங்கும் லிங்விஸ்ட் லிஸ்ட் என்ற மொழியியல் தளத்தில் ஒலியனியல், தொடரியல், சமூக மொழியியல் என்று பிரித்தே பார்க்கலாம். வட அமெரிக்க ஆசிரியப் பணிகள் பெரும்பாலும் செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடும். ஐரோப்பாவில் வருடம் முழுக்க ஒன்றிரண்டாக வரும்.

கடிதங்களுக்கு வருவோம். பிரிட்டனில் பெரும்பாலும் பெயர்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, நேர்முகத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் கடிதம் கேட்பார்கள். வட அமெரிக்காவில் பல இடங்களில் விண்ணப்பத்தோடே மூன்று கடிதங்கள் போயாக வேண்டும். நான் மாட்டியது இந்த இரண்டாவது வகையில். அங்கே இணையத்தில் விண்ணப்பம் வாங்கும் போர்ட்டலில் நாம் 'சமர்ப்பி' அழுத்திய பிறகுதான், கடிதத்தை ஏற்றுவதற்கான லிங்க் பேராசிரியர்களுக்குப் போகும். ஆனால் கடிதத்துக்கும் விண்ணப்பத்துக்கும் கடைசி நேரம் ஒன்றே. அதாவது நீங்கள் கடைசி நாளில் அனுப்பினால், பேராசிரியர் அன்று ராத்திரிக்குள் எழுதி ஏற்ற வேண்டும்!

நான் முன்கூட்டியே அனுப்பினேன். அப்படியும் வம்பு வந்தது. மூன்றாவது கடிதம் தர வேண்டிய பேராசிரியர் ஓய்வு பெற்றவர். அவருடைய பல்கலைக்கழக மெயிலை ஓய்வோடு மூடிவிட்டார்கள். சொந்த மெயில் முகவரியைக் கொடுத்தால் போர்ட்டல் ஏற்கவில்லை, 'நிறுவன முகவரி தேவை' என்று சிவப்பில் காட்டிவிட்டு நின்றது. வேலை தருகிற பல்கலைக்கழகத்தின் மனிதவளப் பிரிவுக்கு எழுதினேன். பதிலாக வந்தது, நான் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருந்த கேள்வி-பதில் பக்கத்தின் லிங்க். அவருடைய பழைய துறை அலுவலகத்தைக் கேட்டால், ஓய்வு பெற்றவர்களின் கடிதப் போக்குவரத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். கடைசியில் அவரிடமே போனில் விஷயத்தைச் சொன்னேன். "வேறொரு நிறுவனத்தில் கௌரவப் பேராசிரியர் என்று ஒரு முகவரி தூங்கிக்கொண்டிருக்கிறது, அது ஆகுமா பார்" என்றார். ஆனது. ஆனால் அந்த லிங்க் நேராக ஸ்பேமில் போய் விழுந்தது. மறுபடி போன் செய்து தேடச் சொன்னேன், அவர் கண்டுபிடித்துக் கடிதத்தை ஏற்றினார்.

ஆகவே லிங்க் போனதும் மெயிலை நம்பாமல் போன் செய்துவிடுங்கள். பெரியவர்களைத் தொந்தரவு செய்கிறோமே என்ற கூச்சம் இங்கே உதவாது. அப்புறம், இன்டர்ஃபோலியோ போன்ற சேவையில் கடிதங்களை ஒரு தடவை வாங்கி வைத்தால் ஏற்கிற இடங்களுக்கெல்லாம் அங்கிருந்தே போய்விடும், கடிதத்தை நாம் பார்க்கவும் முடியாது. கடைசி நேரம் எந்த நாட்டு நேரம் என்பதையும் பேராசிரியருக்குச் சொல்லிவிடுங்கள். சில விளம்பரங்கள் உலகத்திலேயே கடைசியாக நாள் முடிகிற நேரவலயத்தைக் கணக்கில் எடுக்கும், சில பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் நேரத்தை.

இன்னொரு கொடுமை மொழியியல்காரர்களுக்கே உரியது. என் திட்டம் வளைநா ஒலிகளை, அதாவது ட, ண போல நாக்கை வளைத்து ஒலிப்பவற்றைப் பற்றியது. சுருக்கத்தைப் போர்ட்டலின் பெட்டியில் ஒட்டி முன்னோட்டம் பார்த்தால், எந்த மொழியின் ஒலியையும் எழுதப் பயன்படும் பன்னாட்டு ஒலியெழுத்துக் குறிகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறியிருந்தன. 'இம்மொழியில் ?-க்கும் ?-க்கும் உள்ள வேறுபாடு ?-க்கு முன் மறைவது ஏன்' என்று நிற்கிறது என் ஆய்வுக் கேள்வி. உதவி மையத்தைக் கேட்டால், சிறப்புக் குறிகளைத் தவிர்க்கவும் என்கிறார்கள். தவிர்த்துவிட்டு ஒலியனியலில் எதை எழுதுவது? பெட்டிக்குள் 'வளைநா வெடிப்பொலி', 'வளைநா மூக்கொலி' என்று சொல்லாகவே எழுதினேன். குறிகளை பி.டி.எஃப்.-இல் மட்டும், அந்தக் குறிகள் உள்ள சாரிஸ் எஸ்.ஐ.எல். எழுத்துருவை உள்ளே பதித்து அனுப்பினேன். போர்ட்டல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும் கோப்பை இறக்கி, அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கருவியில் ஒரு முறை திறந்து பாருங்கள். தேர்வுக்குழு பார்ப்பது அதைத்தான்.

நேர்முகம் நன்றாகவே போனது. ஆய்வைப் பற்றிச் சில நிமிடம், மீதியெல்லாம் அறிமுக வகுப்பு எதை எடுப்பீர்கள் என்பதுதான். போஸ்ட்டாக்குக்கே இப்படி என்றால் ஆசிரியப் பணிக்குக் கேட்கவே வேண்டாம். சின்னத் துறைகளில் ஒலியியல் எடுப்பவரே உருபனியலும் எடுத்தாக வேண்டியிருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள்.

வேலை உறுதியான பிறகு கடைசிக் குழி: பட்டச் சான்றிதழ். பட்டமளிப்பு விழா நடக்கவில்லை, கையில் சான்றிதழ் இல்லை. வாய்மொழித் தேர்வு முடிந்து ஆய்வேடு ஏற்கப்பட்ட தேதியோடு கடிதம் இருந்தால் போதும் என்றார்கள் வேலை தருகிறவர்கள். நியாயமான ஆட்கள். ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா-கியூரி போஸ்ட்டாக் நிதிக்கும் அப்படித்தான்: முறையாகப் பட்டம் வழங்கப்படாவிட்டாலும், கடைசித் தேதிக்குள் ஆய்வேட்டுத் தேர்வில் தேறியிருந்தால் போதும். நான் படித்த இடத்தின் தேர்வுப் பிரிவில்தான் நியாயம் எடுபடவில்லை. கடிதம் கொடுத்தார்கள், தேதி இல்லாமல். திரும்பப் போய்க் கேட்டால், "எங்க படிவத்துல தேதிக்கு இடம் கிடையாதே" என்றார் எழுத்தர், நான்தான் ஏதோ முறைகேடு கேட்பதுபோல. சரி என்று, தேவையான வாசகத்தை நானே தட்டச்சு செய்து, வாய்மொழித் தேர்வு அறிக்கையின் நகலை இணைத்து, எழுத்தரைத் தாண்டி உதவிப் பதிவாளரிடம் நீட்டினேன். அவர் ஒரு முறை வாசித்துவிட்டு அங்கேயே கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அதுவே பெரிய வெற்றி.

இன்னொன்று: நேர்முகம் வரை போய்த் தேர்வாகாத இடங்களில் காரணம் கேட்டு எழுதுங்கள். எல்லோரும் பதில் போட மாட்டார்கள். எனக்கு ஒருவர் போட்டார். கற்பித்தல் குறிப்பில் எந்தப் பாடத்தின் பெயரும் இல்லை என்றார். அடுத்த விண்ணப்பத்தில் மூன்று பாடங்களை வாரவாரியாகப் பிரித்து எழுதினேன், இந்த வேலையின் நேர்முகத்தில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வந்தது.