பின்னிணைப்புக்குப் போன கோரிக்கை

சட்டங்களில் திருத்தம் கோரும், இலங்கைப் பெண்கள் அமைப்புகளின் கூட்டறிக்கையைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எல்லா அமைப்புகளும் உடன்படும் கோரிக்கைகளே முன்பகுதியில் இடம்பெற வேண்டும், உடன்பாடு எட்டாதவை பின்னிணைப்புக்குப் போக வேண்டும் என்ற விதியை முன்மொழிந்தவள் நான்தான். கிராமத்து மாதர் சங்கங்களின் தலைக்கு மேலால் நகரத்து அலுவலகங்கள் பேசிவிடக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது. இன்றும் அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பற்றிய பகுதியில் இழுபறி எதுவும் ஏற்படவில்லை. திருமண வயது 18 ஆக வேண்டும், மணமகளும் பதிவில் கையெழுத்திட வேண்டும், முஸ்லிம் மண வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிபதிகளாகப் பெண்களும் வரக்கூடிய நிலை வேண்டும் என்ற மூன்றும் தேநீர் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டன. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில்தான் மாட்டிக்கொண்டோம். அதன் கீழ் வரும் மணமான பெண், 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, தன் பெயரில் உறுதி எழுதப்பட்ட சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது; கணவனோ தன் முதுசக் காணியை, அதாவது பரம்பரையாக வந்த காணியை, விற்க மனைவியிடம் கேட்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டை நீக்கக் கோர வேண்டும் என்று எங்களுடைய இளம் சட்டத்தரணி ஒரு பந்தி எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

சிலர் தயங்கியதற்கான காரணம் எனக்கு முன்பே தெரிந்ததுதான். தேசவழமை நம்முடைய அடையாளம், தெற்கிலுள்ள அமைப்புகளும் ஒப்பமிடும் அறிக்கையில் அதைக் குறை சொல்லலாமா என்றார்கள். அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். வடமராட்சியிலிருந்து வந்த சங்கத் தலைவி சொன்னதற்குத்தான் என்னிடம் பதில் இருக்கவில்லை.

"தங்கச்சி, கடன் தந்தவன் உறுதியைக் கொண்டா எண்டு வாசல்ல நிண்டவன். அவற்ர கையெழுத்து இல்லாமல் ஏலாது எண்டு சொல்லித்தான் காணியைக் காப்பாத்தினனான். அதையும் எடுத்துப்போட்டால் நாங்கள் என்னத்தைச் சொல்லித் தப்புறது?"

நுண்கடன் வாரத்தவணைக்காரர் படலையடியில் நிற்கும் கிராமங்களில் வேலை செய்த எவரும் இதை அறியாமையென்று ஒதுக்கிவிட முடியாது. அந்த அக்காவுக்கு வாய்த்தவர் கையெழுத்துப் போடாத கணவர். அடித்துக் கையெழுத்து வாங்கும் கணவன்மாரும், விட்டுவிட்டுப் போனவர்களும் அதே கிராமங்களில் இருக்கிறார்கள் என்று சட்டத்தரணி சொன்னதும் உண்மை. கணவனின் இருப்பிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட கணவர் எங்கோ உயிரோடு இருக்கிறார் என்று நம்பி, நீதி கேட்டு வீதியோரப் பந்தலில் அவருடைய படத்துடன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு, காணிக்காக அந்த அனுமதி மனுவில் ஒப்பமிடுவது வெறும் கந்தோர் அலுவல் அல்ல. இரு பக்கமும் பேசி முடிந்த பின்னரும் உடன்பாடு வரவில்லை. விதிப்படி அந்தப் பந்தியைப் பின்னிணைப்பில் சேர்த்தேன்.

அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருவிலிருந்து வந்திருந்த சகோதரி பேசினார். 1990 இல் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது போய்ப் புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்த குடும்பம் அவருடையது.

"அக்கா, எங்கட சட்டத்தை மாத்தச் சொல்லேக்க எங்கட ஆக்களிட்டப் பேச்சு வாங்கிக்கொண்டுதான் வந்தனாங்கள். உங்கட சட்டம் எண்டால் மட்டும் எல்லாரும் ஓமெண்ட வேணுமோ?"

உங்கள் கோரிக்கைக்கு எல்லோரும் உடன்பட்டார்கள், இதற்கு உடன்படவில்லை, விதி இரண்டுக்கும் ஒன்றுதான் என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் அந்த மண்டபத்தில் உடன்பட்டவர்களில் பெரும்பாலானோர் அந்தச் சட்டத்தின் கீழ் வாழாதவர்கள். அவர்களுக்கு அந்த உடன்பாட்டால் வீட்டிலோ ஊரிலோ ஒரு சொல்லும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் சுட்டிக்காட்டியது அதைத்தான் என்று வீட்டுக்கு வரும் வழியில் விளங்கியது. அவர் கோபித்துக்கொண்டு ஒப்பமிடாமல் போயிருந்தால் நான் இன்னும் தெம்பாக வாதிட்டிருப்பேன். அவரோ அறிக்கையை முழுதாக வாசித்துவிட்டு ஒப்பமிட்டார்.

ஒரு சட்டத்தைப் பற்றி அதன் கீழ் வாழும் பெண்களே முடிவெடுக்கட்டும் என்று விதியை மாற்றலாமா என யோசித்தேன். அப்படி மாற்றினாலும் வடமராட்சி அக்கா தேசவழமையின் கீழ் வாழ்பவர். அவர் மறுத்தால் அந்தப் பந்தி மறுபடியும் பின்னிணைப்புக்குத்தான் போகும். முஸ்லிம் பெண்களிலும் திருத்தம் வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் கூட்டத்துக்கு அழைக்கவே இல்லை. அழைத்திருந்தால் முன்பகுதியில் என்ன மிஞ்சியிருக்கும்? கடனுக்குக் காணியை ஈடாகக் கேட்பதைத் தடுக்கும் கோரிக்கையை முதலில் வைத்து, அதன் பின்னர் சம்மத ஏற்பாட்டை நீக்கக் கேட்கலாம் என்கிறார் சட்டத்தரணி. நல்ல யோசனைதான். முன்னது நடக்காமல் பின்னது மட்டும் நடந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்த அக்கா கேட்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

சாவகச்சேரியில் நடக்கவிருக்கும் அடுத்த அமர்வின் நிகழ்ச்சி நிரலில் தேசவழமையை முதலாவதாகப் போட்டிருக்கிறேன். சோனகத் தெருச் சகோதரியைத் தலைமை தாங்கக் கேட்டபோது, "அது உங்கட சட்டம், நீங்களே இருங்கோ" என்றார்.