கண்ணைக் கீறாமல் கண்ணுக்குள் ஒரு வாய்க்கால்

என் அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருப்பது தெரிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரவு ஒன்பது மணிக்கு அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு மருந்து விட்டு, மூக்கோரக் கண் முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்கிறேன். இல்லாவிட்டால் மருந்து கண்ணீர்ப் பாதை வழியே தொண்டைக்கு இறங்கிவிடும். நான் ஊரில் இல்லாத நாள்களில் அவரே விட்டுக்கொள்கிறார். கை நடுக்கத்தில் சொட்டு கண்ணுக்குள் விழுந்ததா, கன்னத்தில் வழிந்ததா என்பது பல நேரம் அவருக்கே தெரிவதில்லை. கண்ணைக் கீறாமலே இந்த நோயின் அழுத்தத்தைக் குறைக்கக்கூடிய ஃபெம்டோசெகண்ட் லேசரைப் பற்றி நான் தேடித் தேடிப் படிப்பதற்கு அந்தச் சொட்டுதான் காரணம்.

கண்ணுக்குள் ஓயாமல் சுரக்கும் நீர், கருவிழியும் (கார்னியா) கருவிழிப்படலமும் (ஐரிஸ்) சந்திக்கும் கோணத்தில் உள்ள சல்லடை போன்ற திசுவின் வழியாக, அதை ஒட்டியுள்ள ஷ்லெம் கால்வாய் என்ற நுண்வடிகாலுக்குள் வடிய வேண்டும். திறந்த கோண வகை நோயில் அந்தச் சல்லடையில் தடை கூடுகிறது. அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு சிறிது சிறிதாகப் பட்டுப்போகிறது. பட்ட நரம்பு மீண்டும் துளிர்ப்பதில்லை. ஆகவே மருந்தோ லேசரோ கத்தியோ, எதைக் கொண்டும் நாம் செய்யக்கூடியது அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சிய பார்வையைக் காப்பது மட்டுமே.

ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, கிடைக்கும் துணுக்கை மறுபடியும் கோடியால் வகுத்து, அதையும் பத்தாகப் பிளந்தால் வருவது ஒரு ஃபெம்டோசெகண்ட். இவ்வளவு குறுகிய துடிப்பாக வரும் அகச்சிவப்பு ஒளி, கருவிழியை ஊடுருவும்போது அதை ஒன்றும் செய்வதில்லை; குவியும் புள்ளியில் மட்டும் அதன் செறிவு எல்லை மீறி, அங்குள்ள திசுவை மின்மக் குழம்பாக்கி (பிளாஸ்மா), ஒரு நுண்குமிழியை உண்டாக்கிப் பிரிக்கிறது. வெப்பம் பக்கத்துத் திசுவுக்குப் பரவ அவகாசமே இல்லை என்பதுதான் இதன் சிறப்பு. இப்படிப்பட்ட துடிப்புகளை வலுவாக்கும் வழியை 1985இல் கண்டறிந்த டோனா ஸ்டிரிக்லேண்டும் ஜெரார் மூருவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். கண் மருத்துவத்துக்கு இது வந்த கதையோ ஒரு விபத்தில் தொடங்குகிறது. 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு மாணவரின் கண்ணில் லேசர் தவறுதலாகப் பட்டது. அவரைப் பரிசோதித்த இளம் மருத்துவர் ரான் கர்ட்ஸ், விழித்திரையில் இருந்த காயம் வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமாக இருப்பதைக் கண்டு, இயற்பியலாளர் திபோர் யுஹாஸுடன் சேர்ந்து அதையே அறுவைக் கருவியாக்க முனைந்தார்.

கருவிழி அறுவையிலும் கண்புரை அறுவையிலும் நிலைபெற்ற இந்த லேசர், வடிகால் கோணத்தை எட்டுவதற்கு நெடுநாள் ஆயிற்று. அந்தக் கோணம் நேராகப் பார்த்தால் தெரியாத மூலையில் இருக்கிறது. அங்கிருந்து வரும் ஒளி கருவிழியில் முழு எதிரொளிப்புக்கு உள்ளாவதால், கண்மேல் தனி லென்ஸ் வைத்தால்தான் மருத்துவராலும் அதைக் காண முடியும். ஹங்கேரியின் புடாபெஸ்டில் கண் மருத்துவர் சோல்தான் நாகி குழுவினர் மனிதரிடம் முதன்முதலாகச் செய்த சோதனையில், கண்ணின் உள்ளமைப்பை ஒளியால் படம்பிடிக்கும் ஓசிடி படத்தின் வழிகாட்டலில் லேசரைச் சாய்வாகச் செலுத்தி, சல்லடைத் திசுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலமும் அதில் பாதிக்கும் குறைவான உயரமும் கொண்ட ஒரு வாய்க்காலை வெட்டினர். கண்ணின் வெளிப்புறத்தில் ஒரு கீறல்கூட இல்லை. 2023இல் வெளியான முடிவின்படி, 12 பேரின் 18 கண்களில் சராசரி அழுத்தம் 22.3இலிருந்து இரண்டு ஆண்டுகளில் 14.5 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இறங்கியது. வாய்க்கால்கள் மூடிக்கொள்ளவும் இல்லை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது உண்மை. ஆனால் மறுநாள் நிதானமாகப் படித்தபோது, பதினெட்டுக் கண்கள் மிகச் சிறிய எண்ணிக்கை என்பதும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு சிகிச்சை பெற்ற குழு அதில் இல்லை என்பதும், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் சொட்டு மருந்து எல்லோருக்கும் நின்றுவிடவில்லை என்பதும் உறைத்தன. நான் ஏங்கியதே சொட்டு மருந்து நிற்பதற்காகத்தான். இருந்தும், கண்ணைத் திறந்து செய்யும் அறுவையில் தொற்றுக்கும் இரத்தக் கசிவுக்கும் அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களுக்கு, கீறலே இல்லாத ஒரு வழி கிடைக்கக்கூடும் என்பதை நான் சிறிதாக எண்ணவில்லை. சொட்டு மருந்தோடும் சல்லடைத் திசுவில் ஒளி பாய்ச்சி நீர் வடிவதை எளிதாக்கும், ஏற்கெனவே வழக்கத்தில் உள்ள எஸ்எல்டி லேசரோடும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த முடிவுகளுக்காகக் காத்திருக்கிறேன். அதுவரை ஒன்பது மணிச் சொட்டு தவறாது.