மஞ்சள் துணியில் சிவக்கும் சொற்கள்

கணவனை இழந்தவளுக்கு மஞ்சள் கூடாது என்கிற வழக்கத்தை ஈரோட்டு மஞ்சளையும் திருப்பூர் பனியன் வேஸ்ட்டையும் வைத்தே, பார்வைக்கு வைக்கும் ஒரு கலைப்படைப்பாகக் கேள்வி கேட்கலாம்.

வேஸ்ட்டில் உள்ள வெள்ளைப் பருத்தித் துண்டுகளைத் துவைத்து நன்றாக அலசுங்கள்; சோப்பு மிஞ்சினால் செம்புள்ளி விழும். 1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் மஞ்சள்தூள் போட்டு 20 நிமிடம் கொதிக்கவிட்டு, துணியை முக்கி நிழலில் காயவையுங்கள். வெயில் பட்டால் வெளுத்துவிடும். பனியன் துணியின் ஓரம் சுருளும், சட்டத்தில் இழுத்துக் குத்திவிடுங்கள்.

எழுதும் மைக்கு, 100 மில்லி தண்ணீரில் 1 தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரையுங்கள். தூரிகையை நன்றாக வடித்துவிட்டு மஞ்சள் துணியில் எழுதுங்கள், இல்லையென்றால் எழுத்து பரவிவிடும். கணவனை இழந்தவளிடம் சொல்லும் "விசேஷத்துல முன்னால வராதே" என்பதை எழுதினால் அப்படியே சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரைச் சிவக்க வைத்துச் சுண்ணாம்பு செய்வதும் இதைத்தான். அந்தத் தட்டைத் தொடவும் அவளை விடுவதில்லை. பார்க்க வருபவர் கையில் எலுமிச்சை மூடி கொடுங்கள். சாறு பட்ட இடத்தில் சொல் அழிந்து மஞ்சள் திரும்பும்.